நான் கேட்க விடாத கேள்வி

மாப்ள,

ஆபீசுக்கு பைக்கில் போக நேற்று ஒரு ரெயின்கோட் வாங்கினேன். உறையைப் பிரித்ததும் புது பிளாஸ்டிக் வாடை முகத்தில் அடித்தது. மடித்துப் பரண்மேல் போட்டுவிட்டேன். நனைந்துகொண்டே போய்க்கொள்கிறேன்.

சித்திரை வெயிலில் அப்படியொரு கோட்டை மாட்டிக்கொண்டுதானே நீ எழுமலை மைதானத்தைச் சுற்றினாய். போலீஸ் தேர்வுக்கு இருவரும் ஓட்டம் பழகினோம். உன்னை அந்தக் கோச்சிடம் கூட்டிப் போனவன் நான். அவர் என் பெரியப்பா மகன். கழுத்தில் விசில், காலில் நல்ல ஷூ. மூன்று முறை தேர்வுக்குப் போய்த் தோற்றுத் திரும்பியதுதான் அவருடைய படிப்பு. அது எனக்கு அன்றைக்கே தெரியும்.

முதல் நாளே நீ கேட்டாய், "அண்ணே, கோச்சிங் எங்க படிச்சீங்க?" என்று. அவர் குனிந்து ஷூ கயிற்றை இறுக்க ஆரம்பித்தார். நான் உன் இடுப்பில் கிள்ளினேன். வரும் வழியெல்லாம் திட்டினேன்.

"அண்ணேன்னு கூப்பிட்டுட்டு சர்ட்டிபிகேட் கேப்பியா? வேலைக்கா ஆள் எடுக்குற?"

"இல்ல மாப்ள, நம்ம உடம்ப அவரு கையில குடுக்குறோம்ல" என்று சிரித்தாய். அதன்பிறகு நீ கேட்கவில்லை. என் முகத்துக்காக விட்டாய்.

வேர்வை வடிந்தால் உடம்பு லேசாகும் என்று அவர்தான் கோட்டை மாட்டச் சொன்னார். ஓடும்போது தண்ணீர் கூடாது என்றார். தலை சுற்றுகிறது என்றாய். "பழகிரும், இன்னும் ரெண்டு ரவுண்டு" என்றார். முறையாகப் படித்த யாராக இருந்தாலும் அந்த நிமிடமே உன்னை நிழலில் கிடத்தியிருப்பார்கள். நீ விழுந்த பிறகும் கோட்டைக் கழற்ற வேண்டுமென்று அவருக்குத் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. உசிலம்பட்டி ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் போகும் வழியிலேயே, என் மடியில் அடங்கிவிட்டாய்.

போன வாரம் மகளை நீச்சல் வகுப்பில் சேர்க்கப் போனேன். சொல்லிக்கொடுக்கும் பெண்ணிடம் சான்றிதழைக் கேட்டேன். "இருங்கண்ணே" என்று எடுத்து வந்து காட்டினார், முதலுதவி படித்ததற்கான சான்றையும் சேர்த்து. முகம் சுளிக்கவே இல்லை. அரை நிமிடம்கூட ஆகவில்லை, மாப்ள. வெளியே வந்து பைக்கைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

இன்னொன்றும் உன்னிடம் சொல்லியாக வேண்டும். பதினாறாம் நாள் காரியம் முடிந்து கிளம்பும்போது உன் அம்மா என் கையைப் பிடித்துக் கேட்டார்.

"ஏப்பா, அந்த ஆளு முறையாப் படிச்சவருதான?"

குனிந்து செருப்பில் காலை நுழைத்தேன். பிறகு "ஆமா அத்தே" என்றேன்.

"அப்பச் சரி. எம்மகன் விதி அம்புட்டுத்தான்" என்று கையை விட்டார்.

இன்றைக்கும் எப்போது போனாலும் சோறு போடாமல் விடமாட்டார். போன பொங்கலுக்குப் போயிருந்தபோது பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் என்னைக் காட்டிச் சொன்னார்: "நல்லாப் படிச்ச வாத்தியாருகிட்டதான் எம்மகனச் சேத்துவிட்டுச்சு இந்தப் புள்ள." நான் தலை நிமிராமல் சாப்பிட்டேன்.