ஐந்தாம் நாள் ஞாயிறு

மார்ச் 1, செவ்வாய்

வெயில் இப்போதே ஏறிவிட்டது. முளைகட்டிய ராகி காய்ந்து மில்லுக்குப் போய் வந்தாயிற்று. மாவு நான்கு படி.

மில்காரர் கேட்டார். "இவ்ளோ முளைமாவு யாருக்கும்மா? பேரப் புள்ளைக்கா?"

ஆமாம் என்றேன். முதல் பொய்.

பேரப்பிள்ளை அரக்கோணத்தில், மகள் கிரேஸ் வயிற்றில். எட்டாம் மாதம். பிரசவத்துக்கு இங்கே அனுப்ப மாட்டாள் மாமியார்க்காரி. முதல் குழந்தையும் அங்கேதான் பிறந்தது, அங்கேயே போயிற்று. நான் பெட்டியோடு போய் இறங்கும்போது அடக்கம் முடிந்து பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த மாதம் திருத்தணி ஆந்திராவை விட்டு மதராஸோடு சேருகிறது. இவர் ஆபீசில் யார் அந்தப் பக்கம், யார் இந்தப் பக்கம் என்று லிஸ்ட். திருத்தணி கிடைத்தால் அரக்கோணம் அரை மணி ரயில். சித்தூரிலேயே இருந்தால் இவருக்குத் தெலுங்குப் பரீட்சை வேறு. இரண்டு முறை போயிற்று.

லிஸ்ட் போடுகிற ஹெட் கிளார்க் திருப்பதியில். பணம் வாங்க மாட்டாராம், நேர்மையானவராம். பீர் கிடைக்குமா என்று கேட்டாராம். மதுவிலக்கு நாளில் பீருக்கு எங்கே போவது. பாகாலாவில் ரிட்டயரான எஞ்சின் டிரைவர் ஒருவர் வீட்டிலேயே காய்ச்சுகிறவர். அவரிடம் இவர் செய்முறை எழுதி வாங்கி வந்துவிட்டார்.

"நீங்களே காய்ச்சிக்குங்க."

"எனக்குக் கஞ்சியே காய்ச்சத் தெரியாது. கிரேஸுகிட்ட போவணும்னு அழுதது யாரு? நானா?"

மார்ச் 2, சாம்பல் புதன்

லெந்து நோன்பு ஆரம்பம். காலையில் உபவாச ஜெபம். மத்தியானம் பீர்.

எழுதி வைக்கிறேன், பிறகு மறக்கும்:
மாவு 2 படி, வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறல்.
வடிகட்டி, நிலவேம்பு ஒரு பிடி போட்டுக் கொதி. (கசப்புக்கு. பீருக்குப் போடும் சீமைப் பூ இங்கே கிடைக்காது.)
வெல்லம் 1 வீசை.
நன்றாக ஆறிய பிறகு ரொட்டிக்கடை ஈஸ்ட், ஒரு ஸ்பூன்.
பெரிய ஊறுகாய் ஜாடி. வாயில் துணி.

டிரைவர் தாளில் கடைசி வரி: ஐந்தாம் நாள், நுரை அடங்கியபின் பாட்டிலில் அடைக்கவும். மூன்று நாள் கழித்துக் குடிக்கவும்.

விரல் விட்டு எண்ணினேன். ஐந்தாம் நாள் ஞாயிறு.

மார்ச் 4, வெள்ளி

ஜாடி பேசுகிறது. காது வைத்தால் குமுகுமு என்று. வீடு முழுக்கப் புளித்த வாடை. பாஸ்டர் அம்மா வந்துவிட்டாள், பெண்கள் சங்க நோட்டுக்கு.

"இன்னாம்மா வாசனை?"

"இட்லி மாவு பொங்கிடுச்சிம்மா."

இரண்டாவது.

இவரிடம் சொன்னேன், ஞாயிற்றுக்கிழமை நான் பாட்டில் தொட மாட்டேன் என்று. கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் ஓய்வுநாளில் ஒரு துணி துவைத்ததில்லை.

"அப்போ திங்கக்கிழமை ஊத்து."

திங்கள் ஊற்றினால் மூன்று நாள் ஆகாது. இவர் லீவு சொல்லியிருப்பது புதன்கிழமைக்கு. அப்படியானால் சனி.

மார்ச் 5, சனி

ஊற்றியாயிற்று. நுரை அடங்கவில்லை, தெரியும். இருந்தாலும் ஒரு நாள்தானே.

பழைய பேப்பர் கடையில் வாங்கிய பாட்டில் 12. சாம்பல் போட்டுத் தேய்த்து வெந்நீரில் அலசினேன். ரப்பர் குழாய், புனல். பாட்டிலுக்கு ஒரு சிட்டிகை சர்க்கரை. கார்க்கை அடித்து, கழுத்தோடு சணல் கட்டு. பன்னிரண்டும் வரிசையாக நின்றபோது கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அதை ஏன் மறைக்க வேண்டும்.

புனலில் மிச்சத்தை நாக்கில் வைத்துப் பார்த்தேன். கசப்பு. இதற்கா மனிதர்கள் அலைகிறார்கள்.

மார்ச் 9, புதன், திருப்பதி

ரயில் இரைச்சல் இன்னும் காதில். நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

காலை வண்டி. ஆறு பாட்டில் என் கோயில் பையில், மேலே வேதப்புத்தகம். "பொம்பள பைபிள் பைய எவன் தொறப்பான்" என்றார் இவர். அதற்காகத்தான் நான். எதிர் பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டார்.

வண்டி முழுக்க மலைக்குப் போகிறவர்கள், மஞ்சள் துணி. என் பக்கத்தில் சத்தியவேட்டு அம்மாள் ஒருத்தி, மடியில் முடிந்த காணிக்கை. பெட்டிக்குள் அடுப்பு மாதிரி வெக்கை. பாகாலாவில் வண்டி நின்றபோது பையில் டப்பென்று ஒன்று. பின்னாலேயே இரண்டு.

"அய்ய, இன்னாம்மா இது, என் மேலெல்லாம் பீச்சிக்கினு வருது!"

பிளாட்பாரத்தில் மதுவிலக்குக் கான்ஸ்டபிள். ஜன்னல் வழியே மோந்து பார்த்து ஏறினான்.

"எவரிதம்மா ஈ சஞ்சி?" பை யாருடையது என்று தெலுங்கில்.

நான் இவரைப் பார்த்தேன். இவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கான்ஸ்டபிள் இவரிடமே கேட்டான், "அந்த அம்மா உங்க கூட வர்றாங்களா சார்?"

"தெரியாதுங்க."

"என்னுது" என்றேன்.

அதற்குள் சத்தியவேட்டு அம்மாள் கையை நக்கிப் பார்த்துத் துப்பினாள். "தூ. நெலவேம்பு. எங்க நைனாவுக்கு ஜுரம்னா இதான் குடுப்போம். கஷாயம் சார்."

"கஷாயம் வெடிக்குமா?"

"இந்த வெய்யிலுக்கு மண்டையே வெடிக்குது. கஷாயம் வெடிக்காதா? நீ இன்னா, சாமிக்குப் போறவங்கள நிக்க வெச்சிக் கேட்டுக்கினு கீற?"

பெட்டியே சிரித்தது. வண்டி ஊதியது. கான்ஸ்டபிள் ஒரு பாட்டிலை மட்டும் எடுத்துக்கொண்டு இறங்கினான்.

அந்த அம்மாள் தன் மஞ்சள் துணியின் ஈரத்தைப் பிழிந்தாள். சாமிக்கு என்று கட்டிய துணி. மன்னிப்புக் கேட்டேன். "விடும்மா, உனுக்கு இன்னா கஷ்டமோ" என்றாள். அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

திருப்பதி ஸ்டேஷனுக்கு வெளியே இவர் வாய் திறந்தார். "ரெண்டு பேரும் மாட்டிக்கினா ஆவுமா? எனக்கு வேலை போவும். உன்ன இன்னா பண்ணிடுவான், பொம்பள."

பையிலிருந்த கண்ணாடிச் சில்லைச் சாக்கடை ஓரம் கொட்டினேன்.

"ஞாயித்துக்கிழமை ஊத்தியிருந்தா இது வெடிச்சிருக்குமா? உன் ஞாயிறு."

மீதி இரண்டு பாட்டிலோடு ஹெட் கிளார்க் வீட்டுக்குள் போனார். நான் வெளியே வேப்பமரத்தடியில், நனைந்த வேதப்புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் பிரித்துக் காயவைத்துக்கொண்டு. ஞாயிற்றுக்கிழமை பாட்டில் தொடக்கூடாது என்று இருந்தவள், சனிக்கிழமை தொடலாம் என்று இதில் எந்தப் பக்கத்தில் படித்தேன்.

மார்ச் 11, வெள்ளி

வீட்டில் வைத்த ஆறும் போயிற்று. நேற்று நான்கு, இன்று இரண்டு. கண்ணாடி பொறுக்கினேன். கட்டைவிரலில் வெட்டு.

மார்ச் 13, ஞாயிறு

திருவிருந்து ஆராதனை. பிரசங்கம், ஆண்டவரைத் தெரியாது என்று மறுதலித்த சீஷனைப் பற்றி. இவர் தலையாட்டித் தலையாட்டிக் கேட்டார். பிறகு முதல் வரிசையில் போய் முழங்காலிட்டார், அப்பமும் திராட்சரசமும் வாங்கினார். நான் பெஞ்சைவிட்டு எழவில்லை. பாஸ்டர் அம்மா வாசலில், "உடம்பு சரியில்லையா?" ஆமாம் என்றேன். எண்ணுவதை விட்டுவிட்டேன்.

வீட்டில் கிரேஸ் கடிதம். கால் வீக்கமாம். மாமியார் ஆஸ்பத்திரி வேண்டாம் என்கிறாளாம். "அம்மா, திருத்தணி முடிவாயிட்டுதா?"

சாப்பிடும்போது இவர் சொன்னார், ஹெட் கிளார்க்குக்குப் பிடித்துவிட்டதாம். இரண்டு பாட்டில் எந்த மூலைக்கு, ஒரு டஜன் வேண்டுமாம். லிஸ்ட் இருபத்தைந்து வரைக்கும் அவர் கையில்தானாம்.

"இந்த தபா நாள் பார்த்து வெய்யி" என்றுவிட்டுப் படுத்துக்கொண்டார்.

மாவு 2 படி மீதி. நாளை ஆரம்பித்தால் ஐந்தாம் நாள் வெள்ளி, அன்று சங்கக் கூட்டம் இங்கே, வீட்டில் ஆள் இருப்பார்கள். செவ்வாய் என்றால் சனி, அந்த நாள் இனி வேண்டாம். புதன் என்றால் மறுபடி ஞாயிறு. இன்றே வைத்தால் வியாழன். நுரை அடங்கியிருக்கும்.

மத்தியானம் மணி மூன்று. அடுப்பைப் பற்றவைத்தேன்.