நகலுக்குச் சண்டை போட வராது

இன்று மத்தியானம் தறியோரமாகக் கண் அசந்திருந்தேன். பக்கத்தில் வந்து நின்ற உன் மகளின் போனிலிருந்து நீ கூப்பிட்டாய். "இன்னாடி, சாப்ட்டியா?" அதே கரகரப்பு. நீ செத்துப்போனதே மறந்து, "வரேன் இரு" என்று எழுந்துவிட்டேன். கோயில் மணி கேட்டது. கனவா நிஜமா என்று புரியவில்லை.

நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜையெல்லாம் சேர்த்து, கேட்டால் பதில் பேசுகிற மாதிரி அவள் செய்திருக்கிறாள். "அம்மா மாதிரியே இருக்குதா பெரிம்மா? நீ சரின்னா வெச்சிக்கிறேன், இல்லன்னா அழிச்சிடறேன்." என் தலையில் போட்டுவிட்டாள் பார்.

நம் தறி ஞாபகம் வந்தது. சேலையின் உடம்புக்கு நான், பார்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்டர் நூலோடும் நாடாவைத் தள்ள நீ. எதிரே டிவியில், தமிழ் பேசுகிற அந்த வெளிநாட்டு சீரியல். ஒருத்தியைப் போலவே இன்னொருத்தியைச் செய்து, எவனோ எங்கிருந்தோ ஆட்டிவைப்பான். அசலும் நகலும் நேருக்கு நேர் நின்ற அன்று நீ வாயைப் பிளந்தபடி நாடா போட மறந்தாய். நானும் கவனிக்காமல் நெய்துகொண்டே போனேன். உடம்பையும் பார்டரையும் பிணைக்கிற கோர்வை விட்டுப்போய், பார்டர் தனியே நின்றது. பிரித்தெடுப்பதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது.

பிரிக்கும்போதும் சண்டைதான். அசலுக்கு மட்டும் தெரிந்த ரகசியத்தைக் கேட்டால் போதுமே என்றேன்.

"அடி போடி! தெரிஞ்சதெல்லாம் உள்ள ஏத்திக்கினுதானே வந்துகிறா? சண்ட போட்டுப் பாரு. எவனோ ஆட்டறதுக்குத் தலையாட்டற ஜென்மம் அது. நகலுக்குச் சண்ட போட வராது."

போனை வாங்கினேன். "மயில்கழுத்து உடம்புக்கு வெங்காயத்தோல் கலர்ல பார்டர் போடலாமாடி?" நீ கடைசிவரை ஒத்துக்கொள்ளாத கலர்.

"போடலாமே, உனக்குப் பிடிச்சா அழகாத்தான் இருக்கும்" என்றது உன் குரல்.

உன்னைத் தூக்கிக்கொண்டு போன அன்றைக்குக்கூட நான் அப்படி அழவில்லை.

"ஐய! மயில்கழுத்துக்கு வெங்காயத்தோலா? புதுப் பொடவையே துவைச்ச பொடவ மாதிரி இருக்கும். கண்ணு கிண்ணு அவிஞ்சிபோச்சா பெரிம்மா?" என்று உன் மகள் பாய்ந்தாள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அத அழிச்சிடு" என்றேன்.

"முடியாது. என் அம்மா, நான் வெச்சிப்பேன்."

"என்னை ஏன்டி கேட்ட அப்போ?"

விளக்கு வைக்கும்வரை அடித்துக்கொண்டோம். கடைசியில், வைத்துக்கொள், போ என்று விட்டுவிட்டேன். எனக்கு அது வேண்டாமடி. நீ போனதிலிருந்து வாயடைத்துக் கிடந்த எனக்கு இன்று தொண்டை கட்டியிருக்கிறது. உன் மகள் நாளைக்கும் வருகிறாளாம், அந்தக் கலரை ஒரு கை பார்க்க.