லாபம், ரெண்டு, மூணு

ஏப்ரல் 13, ஞாயிறு

எழுத்துத் தேர்வில் பாஸ்!

மின்னஞ்சலை மூன்று தடவை படித்தேன். பெயர் என்னுடையதுதான். அடுப்பில் கோழிக்கறி அடிப்பிடித்துவிட்டது. பிடிக்கட்டும்.

இனி செயல்முறைத் தேர்வு ஒன்றுதான் பாக்கி. மே 3, கோலாலம்பூர். அதையும் தாண்டினால் நான் சான்றிதழ் பெற்ற ஸ்ட்ரெங்த் அண்ட் கண்டிஷனிங் கோச். விளையாட்டுக்காரர்களின் உடம்பில் பலமும் வேகமும் ஏற்றிவிடுகிற வேலை. ஒன்பது வருஷமாகத் தொழிற்சாலையில் கையுறையில் ஓட்டை இருக்கிறதா என்று பார்ப்பவளுக்கு, முப்பத்தொரு வயதில்!

செரம்பான் பயிற்சி நிலையத்தில் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். பெண்கள் பளுதூக்கும் அணிக்கு உதவிப் பயிற்சியாளர் இடம் எனக்குத்தான், ஜூன் 30க்குள் சான்றிதழைக் காட்டினால். இல்லையென்றால் அடுத்த ஆள்.

என் வீட்டுக்காரர் சுகு, செம்பனைக் குலை ஏற்றப் போன இடத்திலிருந்து லாரியை நிறுத்திவிட்டுக் கூப்பிட்டார். "இனிமே உன்கிட்ட சண்ட போடவே பயமா இருக்கும் லா," என்றார். இப்போதே பயந்த மாதிரிதான் இருக்கிறது.

ஏப்ரல் 15

அத்தை, சுகுவின் அம்மா, என் பாஸ் செய்தியை எஸ்டேட் முழுக்கச் சொல்லிவிட்டார். ஆனால் கண்டிஷனிங் என்பதை அவர் தனக்குத் தெரிந்த மாதிரி புரிந்துகொண்டிருக்கிறார். சாயங்காலம் எதிர்வீட்டுக்காரர் வந்து நிற்கிறார்.

"ரதி, எங்க ஏர்கோன்ல தண்ணி ஒழுகுதும்மா. படிச்சிட்டியாமே, வந்து பாக்குறியா?"

சுகு சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

ஏப்ரல் 20, ஞாயிறு

கோயில் திடலில் கயிறு இழுக்கும் பெண்கள் குழுவுக்குப் பயிற்சி. நீலாவதி, தாயம்மா, ரோகினி, மற்ற ஐந்து பேர். நீலாதான் கடைசி ஆள், கயிற்றை இடுப்பில் சுற்றிக்கொண்டு நிற்பவள். தோட்டத்தில் உதிர்ந்த பழம் பொறுக்கிவிட்டு வந்த களைப்பே தெரியாமல் பழைய பளுக்கம்பியைப் பத்துத் தடவை தூக்கினாள்.

நான்தான் எண்ணினேன். எங்கள் பக்கம் முதலாவதை 'ஒன்று' என்பதில்லை. அரிசி அளந்தாலும், லாரியில் குலை ஏற்றினாலும், லாபம், ரெண்டு, மூணு என்றுதான் எண்ணுவோம். திடலிலும் அப்படித்தான். தொண்டை கட்டும்வரை கத்தினேன். இந்த எட்டுப் பேரை வைத்து நான் படித்த அளவுக்கு எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை.

மே 2

நாளைக்கு. ஷூவை இரண்டு தடவை துடைத்துவிட்டேன்.

மே 3, சனி

பெயில்.

எல்லாம் நன்றாகத்தான் போனது. எனக்குக் கொடுத்தது ஐனி என்ற மலாய்ப் பெண், பல்கலைக்கழக ஓட்டக்காரி. உடம்பைச் சூடேற்றும் பயிற்சி, தாண்டும் பயிற்சி, எல்லாவற்றையும் நல்ல மலாயில் விளக்கினேன். கடைசியில் பவர் கிளீன், ஐந்து தடவை. தரையில் கிடக்கும் கம்பியை ஒரே வீச்சில் தோளுக்குக் கொண்டுபோக வேண்டும். வேகம்தான் அதில் எல்லாம். பாதியில் தயங்கினால் கம்பி மேலே வராது.

ஐனி கம்பியை எடுத்தாள். நான் – பாழாய்ப்போன வாய் – "லாபம்!" என்று கத்தினேன்.

அவள் காதில் அது 'லம்பாட்' என்று விழுந்திருக்கிறது. மலாயில் 'மெதுவாக'! கோச் சொல்கிறாரே என்று அவளும் மெதுவாக இழுத்தாள். கம்பி நெஞ்சுவரை வந்து நின்றது. அப்புறம் கீழே இறங்கியது, அவளும் அதோடு உட்கார்ந்துவிட்டாள். முட்டியில் சிராய்ப்பு.

பரீட்சகர், நரைத்த தாடிக்காரர், எழுந்து வந்தார்.

"அவளிடம் என்ன சொன்னீர்கள்?"

"ஒன்று என்று சொன்னேன்."

"எந்த மொழியில் அது ஒன்று?"

எங்கள் ஊர்த் தமிழ் என்றேன். அவர், "அவளுக்கே எண்ணத் தெரியும். நீங்கள் எண்ண வந்தீர்களா, பார்க்க வந்தீர்களா?" என்றார். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலாம்.

மறுதேர்வு ஜூன் 14. அதுதான் கடைசி வாய்ப்பு.

வெளியே வரும்போது ஐனி என் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டாள். அவள் எதற்குக் கேட்க வேண்டும்!

மே 4, ஞாயிறு

திடலுக்குப் போகல. நீலா வந்து கதவத் தட்டினா, தூங்குறேன்னு சொல்லச் சொல்லிட்டேன். எதுக்குடி உனக்கு இதெல்லாம்? ஓட்டையப் பாத்தோமா, வீட்டுக்கு வந்தோமான்னு இருக்கத் தெரியாதா? ஒரு வார்த்த. ஒரே ஒரு வார்த்த.

அத்தை டீ கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார். முகத்தைப் பார்த்துவிட்டு மெல்லக் கேட்டார்: "கரண்டு அடிச்சிருச்சாம்மா?"

அழுதுகொண்டிருந்தவள் சிரித்துவிட்டேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. தலையைத் தடவிவிட்டுப் போனார்.

மே 6

சுகு போன மாதம் திடலில் எடுத்த வீடியோவைப் போட்டார். "அவங்கள விடு. உன்னையப் பாரு," என்றார்.

பார்த்தேன். நீலா கம்பியைத் தூக்குகிறாள். நான் எங்கேயோ செம்பனை மரத்தைப் பார்த்துக்கொண்டு, விரலை மடக்கி மடக்கி எண்ணுகிறேன். ஏழாவதில் நீலாவின் இடது குதிகால் எழும்புகிறது. எட்டிலும் ஒன்பதிலும் அப்படியே. பத்து என்று கத்திவிட்டு நான் கைதட்டுகிறேன்!

ஊசிமுனை ஓட்டையைக்கூட விடாத கண் இது. திடலில் அதை எங்கே வைத்திருந்தேன்?

"அந்தத் தாடிக்காரரு சரியாத்தான் சொல்லிருக்காரு லா," என்றார் சுகு.

எனக்குக் கோபம் வந்தது. சரியாகச் சொன்னதால்தான் கோபம்.

மே 11, ஞாயிறு

எண்ணும் வேலையை நீலாவிடம் கொடுத்துவிட்டேன். அவளுக்குப் பெருமை தாங்கவில்லை, குரல் அடுத்த ஊரான புக்கிட் பெலண்டோக் வரை கேட்டிருக்கும். நான் வாயை மூடிக்கொண்டு கால், முட்டி, முதுகு, முகம் என்று பார்த்தேன்.

அப்பப்பா, என்னவெல்லாம் தெரிகிறது! ரோகினியின் வலது தோள் முந்திக்கொள்கிறது. தாயம்மா தூக்குவதற்கு முன்பே மூச்சை விட்டுவிடுகிறாள். இத்தனை மாதம் என் கண்ணெதிரில் நடந்திருக்கிறது. "மூச்ச இழுத்து வயித்துல கட்டு. அப்புறம் தூக்கு," என்று மட்டும் தாயம்மாவிடம் சொன்னேன். போன மாதம் அசையாத பளு எழுந்து நின்றது.

"அடியே ரதி, எம்மேல சாமி வந்துருச்சாடி!"

எனக்குத்தான் வந்தது. வீட்டுக்கு ஓடியே வந்தேன். ஜூன் 14 நாளைக்கே வந்தால் என்ன!

ஜூன் 14, சனி

அதே மண்டபம், அதே தாடிக்காரர். இந்த முறை ஒரு சீனப் பெண். அதே பவர் கிளீன், அதே ஐந்து.

வாய் திறக்கவில்லை. முதல் இரண்டும் அழகாகப் போயின. மூன்றாவதற்குக் குனியும்போது அவளுடைய இடது கட்டைவிரல் கம்பிக்கு வெளியே நின்றது. முதல் இரண்டில் உள்ளே இருந்தது. நிறுத்தச் சொன்னேன். விரல் வலிக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றாள். மறுபடி கேட்டேன். போன வாரம் பந்து பட்டதாம், வெளியே சொன்னால் அணியிலிருந்து எடுத்துவிடுவார்கள் என்று மறைத்திருக்கிறாள்.

கம்பியை ஓரமாக உருட்டிவிட்டேன். கை தேவைப்படாத தாண்டும் பயிற்சியைக் கொடுத்து முடித்தேன்.

தேர்வுத்தாளில் ஐந்து தடவை என்று இருக்கிறது. நான் முடித்தது இரண்டு. தாடிக்காரர் முகத்தில் ஒன்றும் காட்டாமல் நீளமாக எழுதிக்கொண்டே இருந்தார். அவ்வளவு நீளமாக எழுத என்ன இருக்கிறது?

பெயிலாகவே இருக்கட்டும். அந்தப் பெண்ணை மூன்றாவது தூக்க விட்டிருக்க மாட்டேன். அது உறுதி. பஸ்ஸில் வரும்போது காரணமில்லாமல் சிரித்துக்கொண்டே வந்தேன், பக்கத்து ஸீட் அம்மா நகர்ந்து உட்கார்ந்தார்.

ஜூன் 27

முடிவு இன்னும் வரவில்லை. போனை எடுத்து எடுத்துப் பார்த்து சூப்பர்வைசரிடம் திட்டு வாங்கியதுதான் மிச்சம். திங்களோடு கெடு முடிகிறது.

ஜூலை 1, செவ்வாய்

காலை ஐந்தே முக்காலுக்குத் தொழிற்சாலை பஸ் வழக்கம்போல வாசலில் வந்து ஹார்ன் அடித்தது. டிரைவர் ராமசாமி அண்ணனுக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. கழுத்தில் செரம்பான் நிலையத்து விசிலோடு வெளியே ஓடி, போகச் சொல்லிக் கையைக் காட்டினேன்.

அவர் கண்ணாடியை இறக்கினார். "என்னம்மா, எம்சி லீவா? உடம்புக்கு முடியலையா?"

"இல்லண்ணே," என்றேன். "வேலைக்குப் போறேன்."