ஏழாவது வீட்டின் பாடு

செவ்வாய், இரவு.

இணையத்தில் ஆளுக்கொரு பாத்திரமாகச் சேர்ந்து கதை எழுதும் எங்கள் குழுவில், பாத்திரங்களையும் இடங்களையும் பட்டியலிட்டு வைப்பது நான்தான். அங்கே எனக்கு ஆண் பெயர். கதைத் தீவுக்கு எங்கள் ஏரித் தீவான பசியாவரத்தையே எடுத்துக்கொண்டேன். ஏரியில் எந்த வீடு எந்த நாள் வலை போடலாம் என்கிற பாடு முறையையும் புத்தி கெட்டுப்போய் அப்படியே எழுதிவிட்டேன்.

இன்று திருடன் பாத்திரத்தை எழுதுகிறவர் தன் காட்சியைப் போட்டார்: "வியாழன் ராத்திரி ஏழாவது வீட்டுக்காரன் ஏரிக்குப் போவான். பொண்ணு தனியா இருப்பா."

ஏழாவது வீடு எங்களுடையது. அதில் பெண் இருப்பதாக நான் எழுதவே இல்லை. உடனே பட்டியலை அழித்தேன்.

"வியாழக்கெழம போவாத நைனா," என்று அப்பாவிடம் சொன்னேன்.

"இன்னாத்துக்கு? பாடு போச்சுனா அப்புறம் அடுத்த மாசந்தான்," என்றார்.

இப்போது அந்தத் திருடனிடமிருந்து தனிச் செய்தி: "ஏம்மா அழிச்சிட்ட?"