வடிகானில் மிதந்த நெய்

செவ்வாய், மழை விட்ட இரவு.

காலையில் பக்கத்து வீட்டு ஹனிபா மச்சான் என் ஓட்டோ கராஜ் முன்னால் நின்று கத்தினார். வடிகானில் எண்ணெய் மிதக்கிறதாம். பள்ளிவாசல் நிர்வாகத்திடம் சொல்லிக் கராஜைப் பூட்ட வைப்பாராம். கராஜ் கழிவுநீருக்கு நானே கட்டிய தொட்டியில் எண்ணெய் மேலே தங்கிவிடும்; அடியிலுள்ள குழாயால் தண்ணீர் மட்டும்தான் வெளியேறும். எத்தனை தரம் சொன்னாலும் இந்த ஊர் நம்பாது. வடிகானில் விரலைத் தோய்த்து அவர் மூக்கருகே நீட்டினேன்.

"மணந்து பாருங்க மச்சான். இது என்ட கிறீஸா, உங்கட மகன்ட வலீமா நெய்யா?"

நேற்று நடந்த கல்யாண விருந்தின் சட்டிகளை அங்கேதான் கழுவியிருக்கிறார்கள். திரும்பிப் போனார். மாலையில் மெதுவாக வந்தார்.

"மச்சான், கழுவாத சகன் தட்டு கொஞ்சம் கிடக்கு. தண்ணி உங்கட தொட்டிக்குப் போற இடத்துல கழுவட்டா?"

"ஓம், கொண்டு வாங்க."

பிறகு வட்டிலப்பம் அனுப்பினார். முழுவதையும் சாப்பிட்டேன். மன்னிப்பு மட்டும் இன்னும் வரவில்லை. வரும்வரை விடமாட்டேன்.