பருத்திக்காட்டுக் கீரை

திருவாலங்காடு,
வெள்ளிக்கிழமை.

அன்புள்ள என் வீட்டுக்காரர் ரூபஸ் அவர்களுக்கு,

தேவசுந்தரி எழுதுவது. ஆதோனி வெயிலிலும் மில்லின் பஞ்சுத் தூசியிலும் கர்த்தர் உங்களைக் காத்துவருவாராக. இங்கே நானும் ப்ளெஸ்ஸியும் சுகம். பிள்ளை இப்போது எல்லா எழுத்தும் எழுதுகிறாள், ‘ழ’ மட்டும் இன்னும் படுத்தே கிடக்கிறது.

போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். நான் போனை எடுத்தாலே உங்கள் அண்ணன் வாசலில் வந்து நின்றுகொள்கிறார். பொதட்டூர்பேட்டைத் துணி ஏற்றிக்கொண்டு உங்கள் பக்கம் வரும் லாரிக்காரர் குமரவேல் அண்ணனிடம் இதைக் கொடுக்கப்போகிறேன்.

ஆடிக் கிருத்திகைக்குக் காவடிக் கூட்டத்தோடு கூட்டமாக ரயிலேறி வந்து, வேட்டிகளுக்கு அடியில் ஒளித்துக் கொண்டுவந்தீர்களே, பேர் அச்சடிக்காத பாக்கெட்டில் பருத்தி விதை, அது நன்றாகவே முளைத்தது. களைமருந்து அடித்தால் புல்பூண்டு சாகும், பருத்தி சாகாது, விதையையே அப்படிச் செய்திருக்கிறார்கள் என்றீர்கள். சர்க்கார் ஒப்புக்கொள்ளாத விதை, வாயைத் திறக்காதே என்றும் சொன்னீர்கள். நான் திறக்கவில்லை. அதுதான் இப்போது என்னைத் தின்கிறது.

செவ்வாய் சாயங்காலம் உங்கள் அண்ணன் ஜெபரத்தினம் பாவா களைமருந்து அடித்தார். ராத்திரி ஒரு தூறல். புதன் காலையில் போய்ப் பார்த்தால் புல்லெல்லாம் குளித்து எழுந்த மாதிரி பசேலென்று நிற்கிறது. மருந்து மழையில் போய்விட்டது, தண்டச் செலவு என்று பாவா தலையில் அடித்துக்கொண்டார். நானும் நம்பிவிட்டேன்.

அந்த நேரம் பார்த்து வேடியப்பன் பெண்சாதி பூவம்மாள் வந்தாள். வருஷாவருஷம் நமக்குக் களை எடுத்தவள். இந்த வருஷம் நாம் கூப்பிடவில்லை. “களைக்குத்தான் கூப்பிடல, கீரையாச்சும் பறிச்சிக்கினு போறம்மா” என்றாள். களை எடுக்கிறவளுக்குக் கீரை சொந்தம், அதை மறுக்கும் வழக்கம் நம் நிலத்தில் என்றைக்கும் இல்லை. வேலையையும் பறித்துவிட்டுக் கீரையையும் எப்படி மறுப்பேன்? பறித்துக்கொள் என்றேன்.

அவள் ஒன்றும் ஏமாளி இல்லை. வரப்பில் மருந்து அடித்த புல்லை மாட்டுக்குக்கூடப் போடமாட்டாள். குனியுமுன் பருத்திச் செடியை ஒரு முறை உற்றுப் பார்த்தாள். களைமருந்து பட்டிருந்தால் பருத்தியும் கருகியிருக்க வேண்டும் அல்லவா? செடி சொகுசாக நின்றது. அதை நம்பித்தான் பறித்தாள். எப்போதும் போல முதல் பிடியை எனக்கென்று வரப்பில் வைத்துவிட்டுப் போனாள். களையோடு களையாக முளைக்கும் தொய்யக்கீரையும் பண்ணைக்கீரையும். அலசிக் கடைந்தேன். எனக்கு வாய்க் கசப்பு, சாப்பிடவில்லை. ப்ளெஸ்ஸி சாப்பிட்டாள்.

அன்று ராத்திரியே பூவம்மாளுக்கு வாந்தியும் பேதியும். நேற்றுத் திருத்தணி ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். என்ன சாப்பிட்டாள் என்று டாக்டரம்மா துருவித் துருவிக் கேட்டார்களாம். கீரைதான், மருந்து கிருந்து ஒன்றும் இல்லை, அடித்திருந்தால் பருத்தி நிற்குமா என்று வேடியப்பன் சத்தியம் பண்ணியிருக்கிறான். பாவம், தெரிந்ததைத்தான் சொன்னான். அவனுக்குத் தெரியாததைச் சொல்ல வேண்டிய நான் இங்கே அடுப்படியில் உட்கார்ந்திருந்தேன்.

டாக்டரம்மாவிடம் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று பாவாவிடம் சொன்னேன். “நீ வாயத் தொறந்தின்னா உன் புருசன்தான் உள்ள போவான், பாத்துக்கோ” என்றார். அந்தக் கீரையால்தானா என்று எனக்கும் தெரியாது. இந்த ஊரில் யாருக்கும் தெரியாது. இன்று காலை நிலத்துக்குப் போனேன். புல் மொத்தமும் மஞ்சளாகத் தலை சாய்ந்து கிடக்கிறது, பருத்தி மட்டும் ஒன்றுமே நடக்காத மாதிரி நிற்கிறது. மழையில் போகவே இல்லை அந்த மருந்து. அங்கே நிற்கப் பயந்துகொண்டு ஓடிவந்துவிட்டேன்.

இதுவரை எழுதி வைத்துவிட்டுச் சோறு வடிக்கப் போனேன். மேலே ப்ளெஸ்ஸி சுகம் என்று எழுதியிருக்கிறேன். எழுதும்போது அது உண்மை. இப்போது பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிவந்து விட்டிருக்கிறார்கள். இரண்டு முறை வாந்தி எடுத்தாளாம். வெயிலாக இருக்கலாம், வேறு எதுவாகவும் இருக்கலாம். அவசரத்தில் எழுதுகிறேன், எழுத்து கோணினால் மன்னியுங்கள்.

மருந்து டப்பாவைப் பையில் போட்டுக்கொண்டேன். விதைப் பாக்கெட்டையும் எடுத்துக்கொண்டேன். பாவா கத்துகிறார், கத்தட்டும். டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லப்போகிறேன். உங்கள் பேரைக் கேட்டால் அதையும் சொல்வேன். பூவம்மாளுக்காக நேற்று முழுதும் எழாத கால், என் பிள்ளை என்றதும் எழுந்துவிட்டது. அதை நினைத்தால் ஆஸ்பத்திரியில் அவள் புருஷன் முகத்தில் எப்படி விழிப்பேன் என்று தெரியவில்லை.

ஆஸ்பத்திரி போனதும் போன் பண்ணுவேன், ஆனால் பிள்ளையைப் பற்றி மட்டும்தான் பேச வாய் வரும். மீதியை இதில் படித்துக்கொள்ளுங்கள். உங்களைத் தேடி யாராவது வந்தால் ஓடி ஒளியாதீர்கள், இருந்ததைச் சொல்லுங்கள். என்மேல் கோபம் வந்தால் ஊருக்கு வந்து திட்டுங்கள்.

இதைப் படித்ததும் முழங்காலில் நின்று ஜெபம் பண்ணுங்கள். முதலில் பூவம்மாள் பேரைச் சொல்லுங்கள். அப்புறம் நம் பிள்ளை பேர்.

உங்கள்,
தேவசுந்தரி