நாக்கைக் கூப்பிடாத இனிப்பு

ஜன. 5, திங்கள்

காலையில் நல்ல பனி. ஸ்கூட்டர் சீட் ஈரம். பனியன் வேஸ்ட் எடுத்துத் துடைத்தேன். கடைக்குப் போகும்முன் ஒரு வேலை: நேற்று ஊற்றிய லிப் பாமைத் திறந்து பார்ப்பது.

மோசம். மேலே மஞ்சளாக, வழவழவென்று, பார்க்க அழகு. டப்பியைக் கவிழ்த்துத் தட்டினால் அடியில் தேன் தனியாக நிற்கிறது. மெழுகும் எண்ணெயும் ஒரு கட்சி, தேன் வேறு கட்சி.

இதுவரை:
சாம்பிள் 1 - பொடித்த சர்க்கரை. உதட்டில் மணல் தேய்த்த மாதிரி.
சாம்பிள் 2 - கருப்பட்டிப் பாகு. சூடான மெழுகில் விட்டதும் படபடவென்று தெறித்தது. மணிக்கட்டில் கொப்புளம். வாசனை மட்டும் அபாரம்.
சாம்பிள் 3 - தேன். மேலே சொன்னபடி.

இந்தக் கூத்து சிவகாமியால் வந்தது. பெருமாநல்லூரில் சின்ன யூனிட் வைத்திருக்கிறாள், எலாஸ்டிக், பட்டன், லேபிள் எல்லாம் என்னிடம்தான் வாங்குகிறாள். ஒரு பெங்களூர் கம்பெனிக்கு இப்போது பெண்கள் நைட் செட் தைக்கிறாள். வெள்ளைத் துணி, பொங்கலுக்குள் அனுப்ப வேண்டும். ஒவ்வொரு செட்டோடும் ஒரு குட்டிப் பையில் லிப் பாம் வைத்துத் தரப் போகிறார்களாம். மும்பைக்காரர் ஒருவர் சாம்பிள் கொடுத்தாயிற்று. கம்பெனி சார்பில் ஆர்டரைப் பார்த்துக்கொள்ளும் மெர்ச்சண்டைசர் நிவேதிதா சனிக்கிழமை யூனிட்டுக்கு வரும்போது முடிவு செய்வாள். சிவகாமி இதை என் காதில் போட்டதும், "நானும் ஒண்ணு தாரேன்" என்று வாய் சொல்லிவிட்டது. எனக்கு எப்போதும் வாய் முதலில், யோசனை பிறகு. கோவையில் லைசென்ஸ் உள்ள யூனிட் ஒன்றில் பேசிவிட்டேன். பக்குவம் நான் கொடுத்தால் அவர்கள் செய்து தருவார்கள். பக்குவம்தான் இன்னும் வரவில்லை.

ஏன் இத்தனை வெறி என்று எனக்கே தெரியும். இந்தப் பனியன் ஊரில், ராயபுரத்தில் கடை போட்ட நாளிலிருந்து ரோல் ரோலாக லேபிள் விற்கிறேன். அத்தனையும் அடுத்தவர் பெயர். லேபிள் அடித்துத் தரும் கதிர்வேலுக்கு எப்போது போன் செய்தாலும் முதல் கேள்வி, "எந்தப் பார்ட்டிக்குங்க அக்கா?" ஒரே ஒரு மூடியிலாவது என் பெயர் வர வேண்டும்.

ஜன. 6, செவ்வாய்

பல்லடம். எலாஸ்டிக் பாக்கி கலெக்ஷனுக்குப் போன கையோடு பேக்கரி சாமான் கடை. ஸ்ட்ராபெரி எசென்ஸ் கேட்டேன்.

"கேக்குக்குங்களா?"

"உதட்டுக்கு."

கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "ஏனுங்க, உதட்டுக்கு மேலயா கேக்கு சுடப் போறீங்க?"

விளக்கம் சொன்னேன். கேட்டுவிட்டு எசென்ஸ் பாட்டிலைத் திரும்ப அலமாரியில் வைத்தார். "இது தண்ணி ஐட்டமுங்க. மெழுகுல சேராது. சாக்லேட் போடறவங்க வாங்கறது வேற, எண்ணெயில பண்ணுன ஃபிளேவர்." சாக்லேட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தாலும் கெட்டுப் போகுமாம்.

எனக்குப் பொறி தட்டியது. சர்க்கரை, கருப்பட்டி, தேன், மூன்றும் தண்ணீர்க் கட்சி! மூன்று சாம்பிளும் ஒரே காரணத்தால் கெட்டிருக்கின்றன. எண்ணெய் வெனிலா ஒரு பாட்டில் வாங்கினேன். பஸ்ஸில் இரண்டு தடவை மூடியைத் திறந்து மோந்தேன். பக்கத்து சீட் அம்மா, "எந்தக் கடையில பன்னு வாங்குனீங்க கண்ணு?" என்றார்.

வெனிலா போட்டு சாம்பிள் 4. வாசனை சரி, இனிப்பு இல்லை.

மெடிக்கலில் ஸ்டீவியா, சர்க்கரை நோய்க்காரர்கள் டீயில் போடும் பொடி. அதுவும் மெழுகில் கரையாதுதான். ஆனால் மாவு மாதிரி சன்னம். பாம் ஆறிக் கெட்டியாகப் போகும் நேரம் பார்த்துத் தூவி, கை விடாமல் கிளறினால் அடியில் இறங்க அதற்கு நேரமில்லை. அப்படியே நடுவில் மாட்டிக்கொள்கிறது. கலருக்கு வேம்பாளம்பட்டை, தலைக்கு எண்ணெய் காய்ச்சும்போது போடுகிற அதே பட்டை. சூடான தேங்காய் எண்ணெயில் போட்டதும் சிவப்பு இறங்கியது பார், ரோஜாப்பூ!

சாம்பிள் 5. இனிக்கிறது. மணக்கிறது. ரோஸ். பூசுகிறேன், நக்குகிறேன், மறுபடி பூசுகிறேன். சாப்பாடு மறந்துவிட்டது. மும்பைக்காரர் வேறு பிழைப்பு பார்க்கட்டும்.

- வீட்டில் அரிசி மாவு இல்லை
- மெழுகு உருக்கிய பழைய சட்டி: சுடுதண்ணீர் ஊற்றிச் சுரண்ட

ஜன. 7, புதன்

வெயில். இந்த ஊரில் துவைத்துப் பார்க்காமல், இழுத்துப் பார்க்காமல் ஒரு பீஸ் வெளியே போகாது. லிப் பாமுக்கும் அதே சட்டம். ஒரு கூடை குட்டி டப்பிகளோடு சிவகாமி யூனிட்டுக்குப் போனேன். பஞ்சுத் தூசியிலும் ஃபேன் காற்றிலும் உதடு வெடிக்காத டெய்லர் அங்கே யாருமில்லை. இதைவிட நல்ல சோதனை எங்கே கிடைக்கும்?

பிசிறு வெட்டும் பேச்சி, திருநெல்வேலிப் பக்கம், முதல் ஆளாகத் திறந்தாள்.

"எக்கா, இது பூசுததா, திங்கதா?"

"பூசுறதுதான்."

"அப்ப பூசித் திங்கேன்."

ஓவர்லாக் மெஷினில் இருந்த பீகார்ப் பெண்கள் இரண்டு பேரும், "மீட்டா! மீட்டா!" என்று (இந்தியில் இனிப்பு) ஒருத்தி உதட்டை இன்னொருத்திக்குக் காட்டிச் சிரிப்பு. மதியத்துக்குள் பாதி டப்பி காலி. சிவகாமி சொன்னாள்: "அக்கா, எங்க புள்ளைங்க இன்னைக்குத் துணி தைக்கறாங்களா, உதட்ட நக்கறாங்களான்னே தெரியலீங்க."

திரும்பும் வழியெல்லாம் பாட்டு. ஸ்கூட்டரில் சத்தமாகப் பாடினேன். சிக்னலில் நிறுத்திக்கொண்டேன்.

ஜன. 8, வியாழன்

டீ குடிக்குமுன் சிவகாமி போன்.

"அக்கா, வெள்ளையில கறை விழுகுதுங்க. கொஞ்சம் வந்து பாருங்க."

போனேன். செக்கிங் டேபிளில் ஒரு குவியல். தையல் தொடங்குகிற இடமெல்லாம் கடுகளவு புள்ளி. கழுத்தில், கையில், சைடில். ஆளுக்கொரு காரணம். டெய்லர்கள் துணியைக் குற்றம் சொன்னார்கள். நானும் கூடச் சேர்ந்து, "சாயப்பட்டறையில பைப் சரியா கழுவிருக்க மாட்டாங்க" என்றேன், பெரிய இவள் மாதிரி. மெக்கானிக்கைக் கூப்பிட்டு மெஷின் ஆயிலா என்று கேட்டார்கள்.

"ஆயிலா இருந்தா மஞ்சளாத்தானுங்க வரும்? இது ரோஸு" என்றாள் சிவகாமி.

அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. பக்கத்து மெஷினில் நூல் அறுந்தது. அந்தப் பெண் நுனியை எடுத்தாள், உதட்டுக்கு நடுவில் வைத்து ஈரம் பண்ணினாள், விரலால் முறுக்கினாள், ஊசியில் கோத்தாள். ஒரு நிமிஷ வேலைகூட இல்லை. வெள்ளை நூலின் நுனி ரோஸ்.

அந்த நூலை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தேன்.

இந்த ஊரில் உதட்டில் வைக்காமல் நூல் கோக்கிற டெய்லர் உண்டா? கத்தரிக்கோல் எட்டாவிட்டால் பல்லால் கடிப்பார்கள். கடைக்கு முன்னால் நானும் மெஷினில் உட்கார்ந்தவள்தான். பெங்களூர்க்காரிகளின் உதட்டை நினைத்துச் செய்ததை, உதட்டைக் கருவியாக வைத்துப் பிழைக்கிறவர்களிடம் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன்.

அங்கேயே சொல்லிவிட்டேன். "சிவகாமி, கறை என்னோடது." நூல் நுனியைக் காட்டினேன்.

அவள் நூலை என் கையிலிருந்து வாங்கிப் பார்த்தாள். பிறகு, "நீங்க லேபிள் மட்டும் வித்துட்டு இருந்திருக்கலாமுங்க அக்கா" என்றாள். கோபத்திலும் 'ங்க' போகவில்லை. அதுதான் சுட்டது.

கறை எடுக்கும் ஸ்பாட் கன்னை நான் எடுத்துக்கொண்டேன். பொழுது சாயும்வரை அடித்தோம். பெரும்பாலும் போய்விட்டது. போகாத கறை சட்டைக் கையில்தான்; அந்தக் கையை மாற்றி வெட்டித் தைக்க ஏற்பாடு, துணி என் பொறுப்பு.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. நேற்று அதிகம் பூசியவள் பேச்சிதான். இன்று அவள் உதடுதான் எல்லாரையும்விட வெடிப்பு.

"நக்கி நக்கி எரியிக்கா. ஆனா நல்லாருக்கு, இன்னொரு டப்பி இருக்கா?"

இனித்தால் நாக்கு வருகிறது. நாக்கு வந்தால் ஈரம், ஈரம் காய்ந்தால் வெடிப்பு. உதட்டைக் காப்பாற்றச் செய்தது உதட்டைத் தின்கிறது.

ஜன. 9, வெள்ளி

விடிந்ததும் அடுப்புதான். விலகிக்கொள்ளலாமா என்று நேற்று ஒரு யோசனை வந்தது. பல் தேய்ப்பதற்குள் போய்விட்டது. உண்மையைச் சொன்னால் சந்தோஷமாகத்தான் இருக்கிறேன். என்ன தப்பு என்று தெரிந்துவிட்டதே!

வேண்டியது: மூக்குக்கு இனிப்பு, நாக்குக்கு ஒன்றுமில்லை. கலர் கிடையாது. ஸ்டீவியா கிடையாது.

தட்டிய ஏலக்காயைத் தேங்காய் எண்ணெயில் போட்டு இளஞ்சூட்டில் வைத்து, பனியன் துணியில் வடிகட்டினேன். லவங்கப்பட்டை போட்டு ஒன்று செய்தேன் (சாம்பிள் 6), உதடு எரிந்தது, தூக்கிப் போட்டாயிற்று. எலுமிச்சை எண்ணெய் நினைத்தேன். பூசிக்கொண்டு வெயிலில் போனால் தோல் கறுக்கும் என்கிறார்கள், வேண்டாம். கோகோ வெண்ணெய் கொஞ்சம், அதற்கே சாக்லேட் மணம். தேன்மெழுகு ஒரு கை கூட. அடுப்பை அணைத்து, கை பொறுக்கும் சூடு வந்த பிறகுதான் வெனிலா. முன்னாலேயே விட்டால் மணமெல்லாம் சமையலறைக்குப் போகிறது.

சாம்பிள் 7. கண்ணை மூடி மோந்தால் பாயசம்.

சோதனை ஒன்று: பூசினேன், வெள்ளை நூலை உதட்டில் வைத்தேன், வெள்ளைத் துணியில் தைத்தேன், இஸ்திரி போட்டேன். கலர் இல்லை. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் எண்ணெய் லேசாகத் தெரிகிறது; சோப்புப் போட்டதும் போயிற்று.

சோதனை இரண்டு: பேச்சி. யூனிட்டுக்கு வெளியே டீக்கடையில் வைத்துக் கொடுத்தேன். உள்ளே கொண்டுபோகக் கூடாது என்று சிவகாமி கண்டிஷன், நியாயம். பூசினாள். நாக்கு ஒரு தடவை வெளியே வந்து பார்த்தது. ஒன்றும் கிடைக்கவில்லை. உள்ளே போய்விட்டது. டீ முடியும்வரை வரவில்லை.

"என்னக்கா, இனிக்கும்னு பாத்தா வாசனைதான் இனிக்கி. ஏமாத்திட்டியளே."

கட்டிப்பிடித்துக்கொண்டேன். டீ சிந்திவிட்டது, அவள் திட்டினாள்.

ஜன. 10, சனி

மேகமூட்டம். இஸ்திரி போட்ட சேலை கட்டிக்கொண்டேன். பதினோரு மணிக்கு நிவேதிதா வந்தாள். சின்னப் பெண்தான், வேகமான பேச்சு. காரிலிருந்து இறங்கும்போதே உதடு ரோஸ், மும்பைக்காரருடையது. பேசும் நேரமெல்லாம் நக்கிக்கொண்டிருந்தாள். எனக்குள் ஒரு குதி.

பீஸ் பார்த்தாள். சட்டைக் கை மாற்றித் தைத்த குவியலைத் தொட்டு, "இது ஏன் ஆல்டர்?" என்றாள். சிவகாமி என் காலை மிதித்தாள். நல்ல மிதி.

நான் சொல்லிவிட்டேன். நூல், உதடு, கறை, ஒன்று விடாமல். "தப்பு என்னுது மேடம், யூனிட்டோடது இல்ல. ஆனா ஒண்ணு கேளுங்க. இத வாங்குறவங்க எப்பப் பூசுவாங்க? ராத்திரி. உடுத்தியிருக்கறது உங்க வெள்ளை செட்டு. படுக்கறது தலைகாணி உறையில. ரோஸ் எங்க போகும்?"

நிவேதிதா வெட்டுத் துணி ஒன்றை எடுத்து ஒரு ஓரத்தில் தன் உதட்டை ஒற்றினாள். இன்னொரு ஓரத்தில் என் டப்பியிலிருந்து விரலால் தேய்த்தாள். "அயர்ன் போடுங்க." போட்டோம். ஒரு ஓரம் ரோஸ். இன்னொன்றை ஜன்னலில் பிடித்துத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

உதட்டைத் துடைத்துவிட்டு என்னுடையதைப் பூசிக்கொண்டாள். செக்கிங்கைத் தொடர்ந்தாள். நான் பின்னாலேயே நடந்தேன்.

"என்ன பாத்துட்டே வர்றீங்க?"

"உங்க நாக்கைத்தான் மேடம்."

சிவகாமி தலையில் கை வைத்துக்கொண்டாள். நிவேதிதா சிரித்துவிட்டாள். ஆனால் நாக்கு ஒரு தடவைதான் வந்தது. கடைசி டேபிள்வரை எண்ணிக்கொண்டே போனேன், ஒரே தடவை.

கார்க் கதவைத் திறந்துகொண்டு கேட்டாள்: "உங்களோடதே எடுத்துக்கறோம். எங்க கம்பெனி பேர் பையில வந்துடும். மூடியில செய்யறவங்க பேர் போடணும். என்ன பேர்னு எழுதி அனுப்புங்க."

தினமும் நான் பார்ட்டிகளிடம் கேட்கிற கேள்வி. நானோ பெயர் யோசிக்கவே இல்லை!

"அக்காவுக்குப் பேச்சு நின்னு இப்பத்தானுங்க பாக்கறேன்" என்றாள் சிவகாமி. எங்களுக்குள் பேச்சு சகஜமாகிவிட்டது, அது ஒரு நிம்மதி.

ஜன. 11, ஞாயிறு

பனி. கடை லீவு. காலையிலிருந்து பெயர்.
ஏலம் - கமாடிட்டி மார்க்கெட் மாதிரி.
இதழ் - வாரப் பத்திரிகை என்பார்கள்.
பேச்சி சொன்னது: "ஏமாத்து".
சிவகாமி சொன்னது: "உங்க பேருக்கு என்னங்க குறைச்சல்?"

ஒரு குறைச்சலும் இல்லை. கதிர்வேலுக்கு போன் போட்டேன். ஞாயிற்றுக்கிழமையும் மெஷின் ஓடுகிற சத்தம்.

"சொல்லுங்க அக்கா. எந்தப் பார்ட்டிக்குங்க?"

"நான்தான்ப்பா பார்ட்டி."

மெஷினை நிறுத்தச் சொல்லி யாரிடமோ கத்தினான். "என்னங்க சொன்னீங்க?"

"தமிழ்ச்செல்வி. வட்ட மூடி, ரூபாய்க் காசு அளவு."

"நல்லதுங்க அக்கா. எழுதி வாட்ஸ்அப்புல போடுங்க. ரெண்டு தடவ சரிபாத்துப் போடுங்க, பார்ட்டிங்க எப்பவும் அவசரத்துல தப்பாத்தான் குடுப்பாங்க."

நான் அவனுக்குச் சொல்லிக் கொடுத்த டயலாக். இரண்டு தடவை பார்த்தேன். சரியாக இருந்தது. இன்னொரு தடவை பார்த்தேன்.